முப்பத்தெட்டாம் எண் வீடும் மூன்று எழுத்தும்

அந்தக் குழந்தை வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெயர் தர்ஷினி, நாலு வயது. அம்மா ரேவதியின் மடியில் உட்கார்ந்து, கடைவாயில் எச்சில் ஒழுக, மூச்சு வாங்கியபடி, டாக்டர் கையிலிருந்த டார்ச் விளக்கை முறைத்துக்கொண்டிருந்தது.

இடம், தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். முகக்கவசமெல்லாம் கழன்று விழுந்து, எல்லோரும் மறுபடி அடுத்தவர் மூக்கைப் பார்க்க ஆரம்பித்திருந்த காலம். மழை விட்ட காலை. வராந்தா முழுக்க ஈரச் செருப்பும் பினாயிலும் கலந்த வாசனை.

நான் நர்சிங் கல்லூரி ஆசிரியை. என் மாணவிகள் இருபது பேர் அந்த ஊரில் களப்பயிற்சியில் இருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து, எங்கள் கல்லூரியை ஆய்வு செய்ய மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரு மேசை போட்டு, புதுத் துணி விரித்து, ஐம்பது குடும்பக் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தோம். வீட்டுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ரோஜா நிற அட்டை. இரண்டு மாணவிகள் அந்த அட்டைகளில் பூக்கூட வரைந்திருந்தார்கள்.

டாக்டர் ஒருவழியாகத் தொண்டைக்குள் ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதுக்காரர், நல்லவர்தான். வெளியே எண்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"டான்சில் வீங்கியிருக்கும்மா. அஞ்சு நாளைக்கு மருந்து தாரேன். தடுப்பூசியெல்லாம் போட்டாச்சுங்களா?"

ரேவதி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், வகுப்புத் தலைவி கவிப்ரியா முந்திக்கொண்டாள். ஆய்வுக்குழு பார்த்துக்கொண்டிருக்கிறதே. ரோஜாக் கோப்பு ஒன்றை உருவிப் பிரித்து, "ஹவுஸ் நம்பர் முப்பத்தெட்டு. யு.டி.டி. சார்" என்றாள்.

யு.டி.டி. என்றால், அந்த வயதுக்கு உரிய தடுப்பூசி அத்தனையும் இன்றைய தேதிவரை போட்டாகிவிட்டது என்று அர்த்தம். ஆய்வுக்குழுவில் மூத்தவர் தலையை ஆட்டி "வெரி குட்" என்றார். அந்த மூன்று எழுத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து இருந்தது. என்னுடையது.

தர்ஷினியின் உயிர் அந்த நிமிடம் அந்த மூன்று எழுத்தை நம்பித்தான் இருந்தது. டாக்டர் மருந்துச் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதி முடிப்பதற்குள் கொஞ்சம் பழைய கதை பேசிவிடலாம். அவர் கையெழுத்துக்கு அதற்கு நேரம் இருக்கிறது.

வாய் வழியே ஒன்றுமில்லை

எங்கள் தொழிலில் முழு வார்த்தை எழுதுகிறவர்களை யாரும் மதிக்க மாட்டார்கள். மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதினால் நீ கத்துக்குட்டி. பி.டி. என்று எழுதினால் நர்ஸ். மூன்று வேளைக்கு டி.டி.எஸ்., தேவைப்பட்டால் மட்டும் என்பதற்கு எஸ்.ஓ.எஸ்., படுக்கப்போகும்போது என்பதற்கு ஹெச்.எஸ். முதல் வருஷப் பிள்ளைகள் இதையெல்லாம் கந்த சஷ்டிக் கவசம் மாதிரி மனப்பாடம் செய்வார்கள். நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பெண். என் பங்குக்கு ஜெபமாலை உருட்டியபடியே மனப்பாடம் செய்தேன்.

எனக்கு அதில் தனி மயக்கம் உண்டு. மாணவியாக இருந்தபோது கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் வேலை. கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவருக்கு மறுநாள் காலை குடலிறக்க ஆபரேஷன். சாயங்காலமே அவர் கட்டில் தலைமாட்டில் ஒரு போர்டு மாட்டினேன். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, என்.பி.ஓ. வாய் வழியே எதுவும் கொடுக்கக் கூடாது என்று பொருள். ஸ்கேல் வைத்து, இரட்டைக்கோடு போட்டு, அவ்வளவு அழகாக எழுதினேன்.

காலையில் அவர் சம்சாரம் நாலு இட்லியும் ஒரு இளநீரும் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, ஆபரேஷனுக்குத் தயாராக வைத்திருந்தார். ஆபரேஷன் ரத்து. வார்டு சிஸ்டர் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"தலைக்கு மேல போர்டு இருக்கே, பாக்கலயா?"

"பாத்தனுங்க. டாக்டரு படிச்ச படிப்பாட்டம் இருக்குதுன்னு நெனச்சுப்போட்டனுங்க. வாயில ஒண்ணுங் குடுக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானெதுக்குங்க குடுக்கறேன்?"

கட்டிலுக்குச் சொன்னோம், கட்டிலில் படுத்திருந்தவருக்குச் சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போர்டு அழகாக இருந்ததாக சிஸ்டர் பாராட்டியதுதான் நினைவில் நின்றது.

கடிக்காத பேரன்

தடுப்பூசிப் பாடமும் இப்படித்தான். தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்கள் யாவை, பத்து மதிப்பெண். ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். காசநோய்க்கு பி.சி.ஜி., போலியோவுக்கு ஓ.பி.வி., தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எம்.ஆர்., டிப்தீரியா, கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்கும் டி.பி.டி. கிருமியின் லத்தீன் பெயரைக்கூட இனிஷியலோடு சொல்வார்கள்.

ஒரு வாய்மொழித் தேர்வில், டிப்தீரியாவை அப்படிக் கடகடவென்று ஒப்பித்து முடித்த பெண்ணிடம் கேட்டேன். "சரி கண்ணு, தொண்டை அடைப்பான் வந்த குழந்தைய எப்படிக் கண்டுபிடிப்ப?"

"மேம், அது எங்க சிலபஸ்ல இல்லீங்க மேம்."

டிப்தீரியாவுக்கு ஊர்ப் பெயர்தான் தொண்டை அடைப்பான். சிரித்துக்கொண்டே அவளை அனுப்பினேன். ஆனால் உண்மையைச் சொன்னால், நானும் அந்த நோயைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தேன். தடுப்பூசிக்கு அப்படி ஒரு சாபம். அது ஒழுங்காக வேலை செய்தால், வேலை செய்தது யாருக்கும் தெரியாது.

அவிநாசியில் என் தோழியின் கணவர் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் வீட்டு லேப்ரடாருக்கு ஒரு தடுப்பூசி அட்டை உண்டு. லேமினேட் செய்தது, ஒரு தவணை தவறியதில்லை. பேரனுக்கு மட்டும் ஒன்றரை வயது ஊசியோடு நிறுத்திவிட்டார். வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு வெளிநாட்டு டாக்டர் அதெல்லாம் வியாபாரம் என்று சொன்னாராம்.

"நாய்க்கு மட்டும் போடறீங்களேங்க" என்று கேட்டேன்.

"போடலைன்னா அது கடிச்சா நமக்குல்லங்க ஆவும்?"

"பேரனுக்கு?"

"அவன் கடிக்க மாட்டானுங்க."

அவருக்குப் பணமும் படிப்பும் இருந்தன. ரேவதிக்கு இரண்டும் இல்லை. ஆனால் ரேவதி ஒருநாளும் ஊசி வேண்டாம் என்று சொன்னவள் இல்லை. அவளிடம் யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பேக்கரி பெஞ்ச்

அந்தக் களப்பயிற்சியின் முதல் நாள் காலை, ஊரின் கடைசியில் காட்டை ஒட்டிய தோப்புக்குள் ஒரு யானை இறங்கிவிட்டது. வனத்துறைக்காரர்கள் பட்டாசோடு நின்றார்கள். அந்தத் தோப்புகளுக்குள்தான் எங்கள் பட்டியலில் ஆறு வீடுகள் இருந்தன.

கவிப்ரியா மூச்சிரைக்க வந்து சொன்னாள். "மேம், முப்பத்தஞ்சுலருந்து நாப்பது வரைக்கும் போக முடியாதுங்க மேம். யானைங்க."

"செரி, நாளைக்குப் போய்க்கலாம்" என்றேன். சரியான பதில்தான். பிள்ளைகளை யானைக்கு முன்னால் அனுப்ப முடியுமா?

கிராம சுகாதார செவிலியர் மயிலாத்தா அக்கா அப்போது பக்கத்தில் இருந்தார். அந்த வட்டாரத்தில் அவர் ஸ்கூட்டர் போகாத சந்து இல்லை. "தோப்புல புதுசா யாராச்சும் குடி வந்திருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க கண்ணுகளா. அவங்களுக்குத்தான் ஊசி அட்டை கிட்டையெல்லாம் தொலஞ்சிருக்கும்" என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நாலாம் நாள் ஐம்பது கோப்புகளும் நிரம்பி என் மேசைக்கு வந்துவிட்டன. யானை என்ன ஆனது, அந்த ஆறு வீட்டுக்கும் எப்போது போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. மறுநாள் ஆய்வு.

பிற்பாடு தெரிந்த விஷயம் இது. ஊர் முனையில் ஒரு பேக்கரி இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பேக்கரி என்றால் பன் விற்கிற கடை மட்டும் அல்ல, பாதி ஊராட்சி அங்கேதான் நடக்கும். பிள்ளைகள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறார்கள். முப்பத்தெட்டில் யாருங்கண்ணா? ரேவதின்னு ஒரு பொண்ணு, புதுசா குடி வந்திருக்குது, புருசன் தேங்கா உரிக்கறவன், ஒரே ஒரு பாப்பா. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மிச்சத்தைப் பிள்ளைகள் நிரப்பினார்கள். குழந்தையின் எடை, குடிநீர் ஆதாரம், கைகழுவும் பழக்கம், தடுப்பூசி. எடையில் ஒரு தசமப் புள்ளிகூட வைத்திருந்தார்கள். பொய் சொன்னாலும் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன் போல.

புது ஆள் குடி வந்திருப்பதை மயிலாத்தா அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அதுதான் எல்லா ஊசியும் போட்டாகிவிட்டதே.

மறுபடி அந்த மேசை

டாக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினார். ரேவதி வாங்கவில்லை. அவள் கவிப்ரியாவின் கையிலிருந்த ரோஜாக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, எங்க ஊட்டுக்கு வந்திருந்தீங்களாங்க? நான் பாக்கலீங்களே" என்றாள். குரலில் கோபமே இல்லை. விருந்தாளி வந்த நேரம் பார்த்துத் தான் வீட்டில் இல்லாமல் போய்விட்டோமோ என்ற கவலைதான் இருந்தது.

கவிப்ரியாவின் முகம் செத்துப்போயிற்று. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, ஆய்வுக்குழுவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கதைக்கே அர்த்தமில்லை. ஆய்வுக்குழு மூத்தவரின் பேனாவைப் பார்த்தேன். கல்லூரியின் அங்கீகாரத்தை நினைத்தேன். என் வேலையை நினைத்தேன். ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது, நான் என் சம்பளத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தர்ஷினி கர்ரென்று ஒரு மூச்சை இழுத்தது. அந்தச் சத்தம்தான் என்னைத் தள்ளிவிட்டது.

"டாக்டர், அந்தக் கோப்பு பொய். அந்த வீட்டுக்கு எங்க பிள்ளைங்க போகல. கையெழுத்துப் போட்டது நான்."

டாக்டர் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி டார்ச்சை எடுத்தார்.

"பாப்பாவுக்கு ஊசி போட்டுருக்கீங்களாம்மா?"

"பொறந்தப்ப ஒண்ணு போட்டாங்க. அப்பறம் தோப்பு தோப்பா மாறி மாறிப் போனதுல அட்டை எங்கியோ போயிருச்சுங்க. அதோட முடிஞ்சுதுன்னு இருந்துட்டனுங்க."

மயிலாத்தா அக்கா எங்கிருந்தோ வந்து, கேட்காமலே குழந்தையின் தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்தார். குழந்தையின் வாய்க்கு அருகே குனிந்தவர் மூக்கைச் சுருக்கினார். "டாக்டரு, வாடை வருதுங்க. கழுத்தும் வீங்கியிருக்குது. நல்லாப் பாருங்க."

இந்த முறை அவசரப்படாமல் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். டான்சிலின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், பழைய பாலாடை ஒட்டிக்கொண்டது மாதிரி. பஞ்சுக் குச்சி பட்டதும் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. இருபது வருஷமாக நான் பத்து மதிப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த நோய், என் முகத்துக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

தொண்டை அடைப்பானுக்குப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்தவுடன் நச்சுமுறி மருந்து ஏற்ற வேண்டும். தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரமும் இதயத்துக்கு ஆபத்து. அஞ்சு நாள் மருந்துச் சீட்டோடு தோப்புக்குத் திரும்பியிருந்தால், அந்தக் குழந்தை அஞ்சு நாள் இருந்திருக்காது. நூற்றெட்டு வண்டி வந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டரே போனில் சொல்லி, மருந்தைத் தயாராக வைக்கச் சொன்னார். கவிப்ரியா யாரும் சொல்லாமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டி போனபிறகு ஆய்வுக்குழு மூத்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "மேடம், நீங்க சொன்னத நாங்க காதுல வாங்கலைன்னு வெச்சுக்கறோம்" என்றார் பரிவாக. அந்தப் பரிவுக்கு அவர் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

கண்ணாடி அலமாரி

தர்ஷினி பிழைத்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தது. அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மயிலாத்தா அக்கா அந்த ஆறு வீட்டுக்கும் போனார். இன்னும் மூன்று குழந்தைகளுக்கு அட்டையும் இல்லை, ஊசியும் இல்லை. எங்கள் கோப்பில் மூன்றுமே யு.டி.டி.

கவிப்ரியாவைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டவள், கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க மேம் சொன்னீங்க." நான் சொன்னதுதான். ஒவ்வொரு வருஷமும் சொன்னதுதான்.

ஆய்வு அறிக்கையும் வந்தது. களப்பயிற்சி ஆவணங்கள் முழுமையாக உள்ளனவா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டிருந்தார்கள். எங்கள் கல்லூரி முதல்வர் குளிர்ந்துபோய், அந்தக் கோப்புகளில் சிறந்த ஐந்தை நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் வைக்கச் சொன்னார், அடுத்த வருஷப் பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்கு. அந்த ஐந்தில் முப்பத்தெட்டும் ஒன்று. கையெழுத்து அழகாம். எனக்கு என்.பி.ஓ. போர்டு ஞாபகம் வந்தது.

"மேடம், அதுல ஒரு பக்கம் பொய்யிங்க. திருத்தியாவது வைக்கலாம்" என்றேன்.

"எழுதுனத அடிச்சா பாக்கறவங்க என்னங்க எஸ்தர் நெனைப்பாங்க? உட்ருங்க. பாப்பா நல்லாத்தான இருக்குது."

கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தபின், அந்தக் கோப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். நூலக மேடம் அந்தப் பக்கம் திரும்பி நின்று எனக்கு உதவினார்.

அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். தொண்டை அடைப்பான் வந்து போனாலும், மறுபடி வராமலிருக்க ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். ரேவதி தர்ஷினியைக் கூட்டி வந்திருந்தாள். மயிலாத்தா அக்கா ஊசி போட்டார். குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

நான் மேசையில் உட்கார்ந்து முப்பத்தெட்டாம் கோப்பைப் பிரித்தேன். சிவப்புப் பேனாவால் அந்த மூன்று எழுத்தையும் அடித்தேன். பக்கத்தில் தமிழில், முழு வாக்கியமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நிறைவு எனக்கு.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி ரேவதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது எங்க ஊட்டு நோட்டுங்களா?"

"ஆமாங்க."

அவளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கோப்பில், அவளால் படிக்க முடிந்த வரி அது ஒன்றுதான். விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "யானை வந்திருந்ததால் இந்த வீட்டுக்கு நாங்கள் போகவில்லை."

படித்துவிட்டு விரலை எடுத்து, என்னைப் பார்த்தாள்.

"யானை ஒரு நாள்தானுங்களே வந்துச்சு" என்றாள். "மத்த நாளெல்லாம் நாங்க ஊட்லதானுங்க இருந்தோம்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. அன்றைக்கு மாதிரியே, எனக்குத் தெரியாத ஒரு தகவலைச் சொல்கிற மரியாதை.

நான் பேனாவை மறுபடி திறந்து, முதல் இரண்டு சொற்களையும் அடித்தேன்.